முதலில் செடியை எண்ணுங்கள்: தேயிலையின் நாளையை ஆராயப் புறப்படும் மாணவருக்கு

யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா போய்வந்த என் வகுப்புப் பையன் ஒருவன், தன் ஆய்வுக்குத் திராட்சைச் செய்கையை எடுக்கப்போவதாக வந்து நின்றான். பந்தலுக்குக் கீழே நின்று குலைகளை அண்ணாந்து பார்த்த மயக்கம் அவனுக்கு இன்னும் தெளியவில்லை. நல்ல தலைப்புத்தான், யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு. வறண்ட வெயிலும் கிணற்று நீரும் கிடைக்கிற மண்ணில் பழுக்கிற கொடி அது. எங்கள் மலைநாட்டுப் பக்கத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கே பனி இறங்கிவிடும்; இலையின் ஈரம் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். "உன் வீட்டு வாசலில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "தேயிலைதானே டீச்சர்" என்றான். அந்தத் 'தானே'யை அவன் இழுத்த இழுப்புத்தான் என்னை இதை எழுத வைத்தது.

நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவர். அப்படியிருந்தும், பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் செய்த முதல் கள ஆய்வு படுதோல்வி. நாற்பது கேள்விகள் கொண்ட கேள்விக்கொத்து ஒன்றைத் தயாரித்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். முப்பத்தெட்டாவது கேள்வி: 'தேயிலைத் தொழிலின் எதிர்காலம் பற்றிய தங்கள் கருத்து யாது?' அறுபது பேரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் 'ஓரளவு நல்லது' என்ற நடுக்கட்டத்தில் அடையாளமிடச் சொன்னார்கள். கடைசி வீட்டு அம்மா, "மற்றவர்கள் என்ன சொன்னார்களோ அதையே எனக்கும் போட்டுக்கொள் பிள்ளை, அடுப்பில் சோறு இருக்கிறது" என்றார். அந்த அறிக்கைக்கு நல்ல புள்ளிதான் கிடைத்தது. இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு வரிகூடத் தேறாது.

ஆகவே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எதிர்காலத்தைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். அது ஏற்கெனவே மலையில் நிற்கிறது. எண்ணத்தான் வேண்டும்.

ஒரே ஒரு மலை

'இலங்கைத் தேயிலைத் தொழிலின் எதிர்காலம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு வருகிற பிள்ளையை நான் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். தோட்டத்தில் 'மலை' என்றால் ஒரு தேயிலைத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அதில் ஒன்றை எடுங்கள். பல தோட்டங்களில் மலையின் முகப்பில் பலகை நட்டிருப்பார்கள்: நம்பர், பரப்பு, நட்ட ஆண்டு, கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியைக் கத்தரித்த, காலம். அந்தப் பலகையே உங்கள் அறிக்கையின் முதல் பக்கம். '5ஆம் நம்பர் மலையில் எத்தனை செடி இல்லாமல் போயிருக்கிறது, அந்த இடத்தில் ஏன் மறுபடி நடவில்லை?' என்பது ஆய்வுக் கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனால் இலங்கைத் தேயிலை முழுவதும் தானாக உள்ளே வந்துவிடும்.

அனுமதி இல்லாமல் மலைக்குள் இறங்காதீர்கள். பாடசாலைக் கடிதத்தைத் தோட்டத்துரையின் காரியாலயத்தில் கொடுத்து, எந்த நாள், எத்தனை பேர், எந்த மலை என்று எழுதிக் கேளுங்கள். மருந்தடித்த மலைக்குப் போகக்கூடாது. அட்டைக்கடிக்குச் சவர்க்காரமோ உப்போ போதும். குளவிதான் பெரிய பயம். ஒவ்வொரு வருடமும் கொழுந்து எடுக்கிறவர்கள் குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போகிறார்கள். உயிர் போனதும் உண்டு. கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்த ஒரு மகளை நான் ரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். அவளுக்கு இன்னும் என்மேல் கோபம்.

எண்ணுவது எப்படி

முதலில் செடியின் இனம். மலையைத் தூரத்தில் நின்று பாருங்கள். ஒரு செடி கடும்பச்சை, பக்கத்தது வெளிர்பச்சை, இன்னொன்றின் இலை அகலம் என்று கலவையாக இருந்தால் அது விதைத் தேயிலை. அனேகமாக வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. பாய் விரித்ததுபோல் ஒரே நிறமாக இருந்தால் வீ.பீ. தேயிலை: நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து தண்டு வெட்டி வளர்த்த கன்றுகள். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த இனங்கள் பல. 2025, 2026 என்று நம்பராலேயே பெயர் சொல்வார்கள். விதைத் தேயிலை ஆணிவேர் இறக்கி நிற்கும், வறட்சியைத் தாங்கும், விளைச்சல் குறைவு. வீ.பீ. தேயிலை அள்ளிக் கொடுக்கும், மழை தவறினால் முதலில் வாடும். பருவம் முன்னே பின்னே போகிற இந்தக் காலத்தில் உங்கள் மலையில் எது நிற்கிறது என்பதே பாதி எதிர்காலம்.

அடுத்தது வெற்றிடம். வீ.பீ. தேயிலையை ஏறத்தாழ நாலு அடிக்கு இரண்டு அடி இடைவெளியில் நடுவார்கள். அப்படியானால் ஏக்கருக்கு 5,400க்கு மேல் செடி நிற்க வேண்டும். நூல்பந்து, கொப்பி, பென்சில் போதும். மலையின் மேல், நடு, அடி என்று மூன்று வரிசைகளைத் தெரிந்தெடுங்கள். தொடங்குகிற இடத்துக்கு அடையாளம் வேண்டும்: தண்ணீர் ஓடும் ஒரு கான், ஒரு பாறை, ஒரு கிரவில்லியா மரம். அங்கிருந்து செடி நிற்க வேண்டிய நூறு இடங்களை நடந்து எண்ணுங்கள். நல்ல செடி, நோஞ்சான், பட்டது, இல்லாதது, புதிதாக நட்டது என்று ஐந்து நிரல்கள் போதும். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதட்டும். பத்துச் செடிக்கு ஒரு முறை நின்று சரிபாருங்கள். பனிக்குள் எண்ணும்போது மனம் எங்கேயோ போய்விடும்.

திராட்சைப் பையன் எண்ணியபோது நான் கூட இருந்தேன். அடிவரிசையில் நூற்றுக்கு 11 இடங்கள் காலி. மேல்வரிசையில் 38. "ஏன் டீச்சர் மேலே மட்டும்?" என்றான். குனிந்து பார் என்றேன். செடியின் தூர் நிலத்தில் இல்லை. முக்காலிபோல் வேர்களை ஊன்றிக்கொண்டு எழும்பி நின்றது. செடி எழும்பவில்லை, மண் இறங்கிவிட்டது. வேருக்கும் இன்றைய மண்ணுக்கும் இடையில் அவன் தன் நாலு விரல்களை நுழைத்துப் பார்த்தான். நூறு வருட மழை அந்த நாலு விரல்களுக்குள் இருந்தது. அதற்குப் பிறகு 'மண்ணரிப்பு' என்ற சொல்லுக்கு நான் அவனுக்கு வரைவிலக்கணம் சொல்லவேண்டி வரவில்லை.

மூன்றாவது, கொழுந்து. ஒரு மலைக்கு ஏழு நாட்களுக்கொரு தடவையாவது திரும்பி வந்தால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எடுக்கலாம். ஆள் இல்லாவிட்டால் அது பத்து, பன்னிரண்டு நாட்களாகும், கொழுந்து முற்றிவிடும். 'கடைசியாக இந்த மலையில் எப்போது எடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு யாரும் தயங்காமல் பதில் சொல்வார்கள். ஒரு மாதம் தொடர்ந்து அந்தத் திகதிகளைக் குறித்துவையுங்கள். மழைக்காலமானால் இலையின் அடியில் வெள்ளையாகக் கொப்புளம் இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோய் அது. பனி மூடிய மாதங்கள்தான் அதற்குக் கொண்டாட்டம்.

மடுவத்தில் ஒரு காலை

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். காலை நிறுவை, மத்தியான நிறுவை, அந்தி நிறுவை என்று நாளுக்கு மூன்று தடவை நடக்கும். ஓரமாக நில்லுங்கள், படம் எடுக்காதீர்கள், தராசைப் பாருங்கள்.

நாங்கள் போன அன்று தூறல். முதல் அம்மா சாக்கைத் தூக்கிக் கொளுக்கியில் மாட்டினார். முள் ஒன்பதில் ஆடி நின்றது. கணக்கப்பிள்ளை ஏழு என்று எழுதினார். அடுத்தவருக்கு முள் எட்டரையில் நின்றது, ஆறரை என்று எழுதினார். யாரும் எதுவும் பேசவில்லை. சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என்பது அங்கே காற்றைப்போல் பழகிப்போன கழிவு. என் மாணவி ஒருத்தி வெறும் சாக்கொன்றை நனைத்து, வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். முக்கால் கிலோவைத் தாண்டவில்லை. இலையில் ஒட்டிய தண்ணீருக்கும் கழிவு வேண்டும் என்ற நிர்வாகத்தின் வாதத்தையும் அவள் எழுதினாள். மழை பெய்யாத நாளிலும் அதே இரண்டு கிலோ கழிந்ததையும் எழுதினாள். தன் அபிப்பிராயத்தை எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

இனி கணக்கு. உங்களில் பலருக்குக் கசக்கும், ஆனாலும் செய்யுங்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21.5 கிலோ தூள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன்மேல் முதலாளி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்தால் 1,552.50. ஒருவர் 20 கிலோ எடுத்தால் 4.3 கிலோ தூள். கொழுந்து எடுக்கும் கூலி மட்டும் ஒரு கிலோ தூளுக்கு 361 ரூபா. அதே ஆள் வெற்றிடம் நிறைந்த மலையில் 14 கிலோதான் எடுக்க முடிந்தால் 3.01 கிலோ தூள். கூலி 516 ரூபா ஆகிவிடும். சம்பளம் ஏறவில்லை, ஆளும் சோம்பவில்லை, ஆனாலும் செலவு ஏறிவிட்டது. ஏறியதற்குக் காரணம் நீங்கள் எண்ணிய அந்தக் காலி இடங்கள். 'சம்பளம்தான் தொழிலைக் கொல்கிறது' என்று ஒருவரும் 'கம்பனி பொய் சொல்கிறது' என்று இன்னொருவரும் சொல்லும்போது, நீங்கள் இந்தக் கணக்கை நடுவில் வைக்கலாம். ஆய்வு செய்யும் காலத்தில் நடைமுறையிலுள்ள சம்பளத்தைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். கொழும்புத் தேயிலை ஏலத்தின் வாரவிலையைப் பக்கத்தில் எழுதுங்கள். 1883இல் தொடங்கிய ஏலம் அது. 2020இலிருந்து கணினி வழியாக நடக்கிறது.

மனிதர்களிடம் கேட்பது

ஞாயிறு, உடுப்புத் துவைத்து முடிந்த பிறகு போங்கள். வேலைநாள் அந்தியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கிற அம்மாவிடம் கொப்பியை நீட்டாதீர்கள். அக்கா, பெரியம்மா, தாத்தா என்று முறை சொல்லிப் பேசுங்கள். நீங்கள் அதே லயத்துப் பிள்ளையாக இருந்தாலும் ஆய்வு என்று போகும்போது மரியாதை ஒரு பிடி கூடத்தான் வேண்டும். கங்காணி பக்கத்தில் நிற்கும்போது சம்பளம் பற்றிக் கேட்கக்கூடாது. பெயர் எழுதக்கூடாது, அறிக்கையில் 'அறுபது வயதுப் பெண்' என்றால் போதும்.

கருத்துக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். நான் பழக்கியிருப்பது இரண்டே கேள்விகள். ஒன்று: நீங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்த வருடம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் எத்தனை பேர் நின்றார்கள், இன்று எத்தனை பேர்? இரண்டாவதற்கு ஒரு படம் வேண்டும். லயத்தை நீளப்பெட்டியாக வரைந்து, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் இன்றைக்கு எங்கே வேலை செய்கிறார்கள் என்று கட்டத்துக்குள் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் வரைந்த பன்னிரண்டு கதவு லயத்தில், கொழுந்து எடுக்கிறவர்கள் ஏழு பேர். அவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவர். மற்றக் கட்டங்களில் கொழும்புச் சாப்பாட்டுக்கடை, ஆடைத் தொழிற்சாலை, ஆட்டோ, குவைத். ஒரு கட்டத்தில் 'ஆசிரியர்' என்றிருந்தது. அதை எழுதிய பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தோட்டத்துக்கு வெளியே

நம் பிள்ளைகளுக்குத் தேயிலை என்றால் தோட்டம், தோட்டம் என்றால் லயம். ஆனால் நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை இன்று சிறுதோட்டக்காரர்கள்தான் விளைவிக்கிறார்கள். அதில் பெரும்பகுதி இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துக் கீழ்நாடு. இதைச் சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்புவதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கிற ஒருவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். சிங்களம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, தேத்தண்ணீர் தருவார். தொழிற்சாலை அவருக்கு எப்படி விலை போடுகிறது என்று கேளுங்கள். சூத்திரம் 68க்கு 32: தூள் விற்ற சராசரி விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. தூள் கிலோ 1,000 ரூபாவுக்குப் போனால் ஒரு கிலோ கொழுந்துக்கு 146 ரூபா வரும். இப்போது தோட்டங்களிலும் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கச் சொல்லும் முறை வந்திருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்று இருந்தால், உரத்துக்கு யார் காசு, கழிவு எவ்வளவு, நிலத்துக்கு எழுத்தில் என்ன கொடுத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு, கிராமத்துக்காரரின் கணக்கோடு பக்கம் பக்கமாக வையுங்கள். என் கணிப்பில் அறிக்கையின் உயிர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

கடதாசிச் சான்றுகள்

மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டறிக்கை தமிழிலும் உண்டு. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியதை அதில் பார்க்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அதே வருட முடிவுக்குள் விலக்கிக்கொண்டதன் தழும்பு அது. உங்கள் மலைக்கு அந்த வருடங்களில் உரம் எத்தனை தடவை விழுந்தது என்று கேட்டுப் பக்கத்தில் எழுதாவிட்டால், அந்தப் புள்ளிவிபரத்தை வெட்டி ஒட்டுவதில் பயனில்லை.

வரலாற்றுக்கு இரண்டு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது, 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போனது, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது ஆகியவை போதும். ஒன்றை மட்டும் விடாதீர்கள். இதே மலைகளில் தேயிலைக்கு முன் கோப்பி நின்றது. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது வருடத்துக்குள் கோப்பி ஒழிந்தது. ஒரு பயிர் முழுவதும் போய் இன்னொன்று வந்ததைக் கண்ட மலை இது என்று தெரிந்தால், 'தேயிலை அழியுமா?' என்று பதறிக்கொண்டு எழுதமாட்டீர்கள்.

கடைசி அத்தியாயம்

இங்கேதான் எல்லோரும் 'அரசாங்கம் கவனிக்க வேண்டும்' என்று முடித்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பதிலாக, எண்ணியதை முன்னோக்கி நகர்த்துங்கள். ஆண்டுக்கு 2 வீதம் மறுநடுகை செய்ய வேண்டும் என்பது ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. அப்படிச் செய்தாலும் முழுத் தோட்டமும் புதிதாக ஐம்பது வருடம் பிடிக்கும். பழைய செடியைப் பிடுங்கினால் மண் தேற ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்க வேண்டும். அதன்பிறகு கன்று நட்டு, ஒழுங்காகக் கொழுந்து எடுக்க இன்னும் சில வருடம். அதுவரைக்கும் அந்த மலையில் ஒரு சதம் வராது. கம்பனிகளின் 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. இனி உங்கள் மலையின் பலகைக்குப் போங்கள்: நட்ட ஆண்டு என்ன, கடைசியாகப் புதிய கன்று வைத்தது எப்போது, 2045க்கு எத்தனை வருடம் இருக்கிறது? கன்று வைப்பவர் அதன் கொழுந்தை எத்தனை வருடம் எடுக்கலாம், அதற்குள் பிரட்டில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். எதிர்வுகூறல் என்பது இவ்வளவுதான். இரண்டு மூன்று வழிகளையும் போட்டுப் பாருங்கள்: எதுவும் மாறாவிட்டால், வெற்றிடம் நிரப்பினால், மேல்வரிசைகளைக் கைவிட்டு மரம் நட்டால்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதி காரியாலயத்துக்கு, ஒரு பிரதி லயத்துக்கு. லயத்துக்குக் கொடுப்பதென்றால் வாசித்துக் காட்டுவது. திராட்சைப் பையன் ஒரு ஞாயிறு மத்தியானம் கோயில் திண்ணையில் உட்கார்ந்து தன் அறிக்கையை வாசித்தான். மேல்வரிசையில் நூற்றுக்கு 38 என்ற இடம் வந்ததும், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கையை உயர்த்தினார்.

"தம்பி, அதில் ஆறு இடம் பட்ட செடியில்லை. லொறி ரோட்டுக்காக நாங்கள்தான் பிடுங்கினோம். அரைநாள் வேலை, எனக்கு நினைவிருக்கிறது."

பையன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். 38ஐ வெட்டி, மேலே 32 என்று எழுதிவிட்டு, "எந்தப் பக்கத்து ஆறு, பெரியம்மா?" என்று கேட்டான்.